முப்பது நாள் தொங்கும் தாள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். வேலையில் இருந்த காலத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகைக்குள் என் கையால் சில நூறு தாள்களை ஒட்டியிருக்கிறேன். மதம் மாறாமலே வேறு மதத்தவரை மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் கொடுக்கும் அறிவிப்புகள் அவை. அந்தப் பலகையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

தாளில் என்ன இருக்கும் என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இருவர் பெயர், வயது, தொழில், ஏற்கெனவே மணமானவரா இல்லையா, இப்போது தங்கியிருக்கும் முகவரி, அங்கே எத்தனை நாளாக இருக்கிறார், நிரந்தர முகவரி. இதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டச் சொல்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. யார் வந்து கேட்டாலும் அறிவிப்புப் புத்தகத்தைக் கட்டணம் வாங்காமல் காட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஒரு சென்ட் நிலத்துக்கு வில்லங்கச் சான்று வாங்க மனுப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். ஒரு பெண் எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில் ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்றும் உண்டு. தங்கியிருக்கும் மாவட்டமும் நிரந்தர முகவரியும் வேறு வேறாக இருந்தால், அறிவிப்பின் நகலை அந்த நிரந்தர முகவரிக்குரிய அலுவலகத்துக்கும் அனுப்பி அங்கேயும் ஒட்ட வேண்டும். அதாவது, எந்த ஊருக்குப் பயந்து கிளம்பி வந்தார்களோ அந்த ஊருக்கே அரசுச் செலவில் தகவல் போகும். அந்த உறைகளுக்கு முகவரி எழுதி முத்திரை போட்டவனும் நான்தான்.

பலகையை யார் பார்ப்பார்கள்? பத்திரம் பதிய வந்து டோக்கனுக்காகக் காத்திருப்பவர்கள் பொழுது போகாமல் பார்ப்பார்கள். அவர்களால் தொந்தரவில்லை. அதற்கென்றே வருகிற சிலர் உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு வாரத்தில் இருமுறை ஒருவர் வருவார். ஒரு பத்திரம் கூட அவர் பதிந்ததில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எதற்காக வருகிறார், யாருக்காக வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தடுக்க முடியாது, பார்க்கிற உரிமையைச் சட்டமே அவருக்குக் கொடுத்திருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் கேட்பார், கொடுத்திருக்கிறேன்.

ஒரு ஜோடியை மட்டும் சொல்கிறேன். இருவரும் வேலையில் இருந்தவர்கள், வேறு வேறு மதம். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. அறிவிப்பு கொடுத்த பன்னிரண்டாம் நாள் பெண்ணின் மாமா நான்கு பேரோடு வந்தார். ஆட்சேபம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தாளைப் படித்தார், முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், போய்விட்டார். முப்பது நாள் முடிந்தபோது பையன் மட்டும் வந்தான். பிறகும் இரண்டு முறை வந்தான். மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அறிவிப்பு காலாவதி என்கிறது 14ஆம் பிரிவு. காலாவதி என்று எழுதினேன். ஏன் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இதில் அந்த அலுவலகத்துக்குள் சட்டத்தை யாரும் மீறவில்லை. மாமா ஒரு பொது ஆவணத்தைப் படித்தார். நான் என் கடமையைச் செய்தேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அந்த முப்பது நாளுக்குள் எவரும் ஆட்சேபம் செய்யலாம் என்கிறது 7ஆம் பிரிவு. எதற்கெல்லாம் செய்யலாம் என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, மனநிலை காரணமாகச் சம்மதம் தர இயலாமை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பாமை, விலக்கப்பட்ட உறவுமுறை. அவ்வளவுதான். சாதி, மதம், பெற்றோரின் விருப்பமின்மை எதற்கும் அங்கே இடமில்லை. ஆனால் வாய்மொழியாக வந்த ஆட்சேபங்களில் நான் கேட்டவை பெரும்பாலும் “எங்களுக்குச் சம்மதமில்லை சார்” என்பதுதான். எழுத்தில் வரும்போது அதுவே “பையனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்படுகிறோம்” என்று மாறும். கேள்விப்பட்டாலும் விசாரிக்க வேண்டும். விசாரித்து முடிக்க இன்னொரு முப்பது நாள். பொய்யான ஆட்சேபத்துக்கு ஆயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ஒருமுறை கூட அது விதிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

உண்மையான ஆட்சேபமே வந்ததில்லையா என்றால், வந்தது. ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, “இவர் என் வீட்டுக்காரர்” என்றார். ஆதாரமும் வைத்திருந்தார். அந்தத் திருமணம் நின்றது. முப்பது நாள் இடைவெளி இல்லாவிட்டால் அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஆள் தன் மதத்துக்குள்ளேயே இன்னொரு பெண்ணைத் தேடிக்கொண்டு ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தால் அவனை எந்தப் பலகை தடுத்திருக்கும்? இந்து திருமணச் சட்டத்திலும் இதே நிபந்தனைகள் உண்டு. முன்கூட்டிய அறிவிப்பு மட்டும் கிடையாது. அங்கே இருதார மணம் செல்லாது, குற்றமும்கூட. பிறகு வழக்குப் போடலாம் என்று விட்டுவிடுகிறோம். ஏமாற்றுக்காரனைப் பற்றிய கவலை மதம் கடந்து மணப்பவர்களிடம் மட்டும் ஏன் முளைக்கிறது? ஆவணமும் சத்தியப் பிரமாணமும் வாங்குங்கள், பொய் சொன்னால் தண்டியுங்கள். முகவரியை ஊருக்குக் காட்டுவது எதையும் சரிபார்ப்பதாகாது.

அரசு தானாக யாரையும் தடுப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். தடுப்பது குடும்பம், சாதி, ஊர். பதினெட்டு வயதோடு சட்டப்படி முடிந்துபோன குடும்பத்தின் அதிகாரத்தை அரசு ஒரு மாதத்துக்கு வாடகைக்கு விடுகிறது, அவ்வளவுதான். ஒருவர் வீட்டுக்குள் அரசு நுழையக் கூடாது என்று பேசுகிற நாம், அரசு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் நுழைவதைப் பற்றிப் பேசுவதில்லை.

நீதிமன்றங்கள் பேசாமல் இல்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில், வயதுவந்த இருவர் மணக்க முடிவெடுத்தால் குடும்பம், சமூகம், குலம் எதன் சம்மதமும் தேவையில்லை என்றது அதே நீதிமன்றம். மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, பாதுகாப்பு இல்லம் பற்றியெல்லாம் அந்தத் தீர்ப்பில் வழிகாட்டுதல்கள் உண்டு. அரசின் ஒரு கை பாதுகாப்பு இல்லம் தேட, மறு கை முகவரியைச் சுவரில் ஒட்டுகிறது. ஜோடிகளின் வீட்டுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே கூறிவிட்டது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஜோடி எழுத்தில் கேட்டால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்றது. கேரளம் 2020இல் அறிவிப்புகளை இணையதளத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. இருந்தும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. வாசகம் மாறாதவரை என்னைப் போன்ற எழுத்தர்கள் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? 1967இல் இந்த அவை செய்த ஒரு காரியத்தால்தான். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்தீர்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாமல், உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலாவது மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொண்ட திருமணம் செல்லும் என்றீர்கள். முன்பே நடந்திருந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கினீர்கள். திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது நடந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போய், அத்தகைய திருமணத்தை ஊரறிய அறிவிக்கத் தேவையில்லை, வீட்டின் எதிர்ப்புக்கு அஞ்சி வந்தவர்களை அப்படிக் கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்றது.

ஆக இன்றைய நிலை இது. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இரு இந்துக்கள் இன்று மாலையே நண்பர்கள் முன்னால் மணந்துகொள்ளலாம். அடுத்த தெருவில் மதம் வேறான இருவர், யாராவது ஒருவர் முப்பது நாள் அந்த மாவட்டத்தில் தங்கி, பிறகு அறிவிப்பு கொடுத்து, இன்னும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதனால் என்ன செய்கிறார்கள்? ஒருவர் அவசரமாக மதம் மாறுகிறார். மனம் மாறாத மதமாற்றம். மணப்பதற்காக எந்த மதத்தையும் துறக்க வேண்டாம் என்பதற்காக வந்த சட்டம் இது! இதற்கு முன்பிருந்த 1872ஆம் ஆண்டுச் சட்டம், இன்னின்ன மதத்தை நான் பின்பற்றவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னது. 1954இல் அதை நீக்கினார்கள். முன்வாசல் வழியாக அனுப்பியதைப் பலகை கொல்லைப்புறமாகக் கூட்டிவருகிறது.

1967இல் செய்ததை மீண்டும் செய்யுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 6, 7 பிரிவுகளைத் தமிழ்நாட்டளவில் திருத்தி, பலகையையும் “எவரும்” என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். ஒப்புதல் தில்லியில் கிடப்பில் கிடக்கும் என்று நினைத்தால், அதுவரை விதிகளையாவது மாற்றலாம். 50ஆம் பிரிவு மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. புத்தகத்தைப் பார்க்க வருகிறவர் தன் பெயரையும் முகவரியையும் அடையாளச் சான்றோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு விதி போதும். வாரம் இருமுறை வந்த அந்த மனிதர் பிறகு வரமாட்டார் என்று நினைக்கிறேன். “அப்பா அம்மா வரலையா?” என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை என்று ஒரு சுற்றறிக்கையும் போகட்டும். நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், பல வருடம், அக்கறை என்று நினைத்து.

இது ஓட்டு வாங்கித் தரும் வேலை இல்லை. சில சங்கங்கள் கோபப்படும். உங்களில் சிலருடைய வீட்டிலேயே பேச்சு எழும். அதனால் திருத்தத்துக்கு முன்பு சின்னதாக ஒன்று கேட்கிறேன், அதற்கு யாரும் கோபப்பட முடியாது. மாநிலம் முழுவதும் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை அறிவிப்புகள் வந்தன, எத்தனை திருமணங்கள் நடந்தன, எத்தனை காலாவதியாயின என்று அவையில் ஒரு கேள்வி எழுப்புங்கள். பதிவேடுகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் அவை இரும்பு அலமாரியின் மேல்தட்டில், ஆண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிச் சொல்ல ஒரு எழுத்தருக்கு இரண்டு நாள் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத் துறை எழுத்தர் ஒருவர்