இந்த முறை பொன்னாடை எனக்கு வேண்டாம்

எங்கள் ஊர் போட்டோ, வீடியோ கலைஞர்கள் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உலகப் புகைப்பட தினத்தன்று பொன்னாடை போர்த்துகிற பட்டியலில் இந்த வருஷம் என் பெயரும் இருப்பதாகச் செயலாளர் போனில் சொன்னார். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து கல்யாணம் எடுக்கிறவன் என்கிற மரியாதை அது. சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலு கும்பிடு விழுந்து அப்படியே மேலே போய்விடும். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இந்தத் திறந்த மடல்.

பிரான்ஸ்காரர் டாகுவேர் கண்டுபிடித்த போட்டோ எடுக்கும் முறையை பிரெஞ்சு அரசு 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்குப் பொதுவாக அறிவித்தது. நாம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அதற்கு முந்தின வருஷம் அவர் பாரிஸில் ஒரு தெருவை எடுத்தார். படம் பதியப் பல நிமிஷம் பிடித்ததால் ஓடிய வண்டியும் நடந்த ஜனமும் படத்தில் விழவே இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒரு ஆள் மட்டும் விழுந்துவிட்டார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் காட்டுவார்கள். காலடியில் உட்கார்ந்து பாலிஷ் போட்டவரும் அதே படத்தில் மங்கலாக இருக்கிறார். அவரைப் பற்றிப் பேச்சே எழாது. நம் தொழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடுகிறது.

சரி, யாருக்குப் போர்த்தலாம் என்று கேட்பீர்கள். முதலில் நான் அடிக்கடி மேடையில் சந்திக்கும் ஒரு சாஸ்திரிகள். கும்பகோணம் பக்கம் வேலை செய்கிற உங்களில் பலருக்கும் தெரிந்தவர்தான். தாலி எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஹோமத்தில் நெய் விடுவதைக் குறைத்துவிடுவார். புகை அடங்கினால்தான் பெண்ணின் முகம் எனக்குக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மாங்கல்யத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்ததும் தானே ஒரு பக்கமாகச் சாய்ந்து வழி விடுவார். பின்னால் விளக்கோடு நிற்கும் நாத்தனாரிடம், “ஜடையை நீக்கிக்கோம்மா, முடிச்சு தெரியட்டும்” என்பார். அப்புறம்தான் கெட்டிமேளத்துக்கு விரலைத் தூக்குவார். அந்த விரலை நான் பார்ப்பதே இல்லை, கண் வியூஃபைண்டரில் இருக்கும். தவிலின் சத்தம் மாறுவதைக் காதில் வாங்கித்தான் ஷட்டரை அழுத்துகிறேன். ஆக, ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் வருகிற அந்த ஒரு படத்தில் சாஸ்திரிகளுக்குப் பாதி, தவில்காரருக்குக் கால். மிச்சம்தான் நான், அதிலும் கேமரா கம்பெனிக்குப் பங்கு உண்டு.

அடுத்தது லைட் பிடிக்கிற பையன்கள். ஆயிரம் வாட் ஹாலஜனைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றவர்களை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது எல்.ஈ.டி. வந்து சூடு குறைந்திருக்கிறதே தவிர, நிற்கிற நேரம் குறையவில்லை. போன தை மாதம் ஒரு ரிசப்ஷன். வாழ்த்துகிற வரிசை மண்டப வாசலைத் தாண்டி நின்றது. ஒரு பாட்டி மேடை ஏறியதும் என் பையன் லைட்டைச் சட்டென்று சீலிங் பக்கம் திருப்பிவிட்டான். எனக்கு வெளிச்சம் போய்விட்டது, முறைத்தேன். “பாட்டி இப்பத்தான் கண் ஆபரேஷன் பண்ணியிருக்காங்கண்ணே, படியேறும்போது சொன்னாங்க” என்றான். சீலிங்கில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பாட்டி கண்ணைத் திறந்து சிரித்தார். அந்த வீட்டார் பெரிசாக்கிக் கேட்ட ஒரே படம் அதுதான். இவனுக்குப் பொன்னாடை போர்த்தினால் வெட்கப்பட்டு ஓடிவிடுவான், பிடித்து வைத்துப் போர்த்துங்கள்.

ஆல்பம் டிசைன் செய்கிறவர்களை நம் மேடையில் நான் பார்த்ததே இல்லை. எனக்குச் செய்து தருகிற தங்கச்சி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட்டில் படங்களை அடுக்குவதோடு அவர் வேலை முடிவதில்லை. “அண்ணே, மாப்பிள்ளையோட தாய்மாமா ஒரு பக்கத்துலகூட வரலையே, மாலை போடுற படம் இருக்கும், தேடிப் பாருங்க” என்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வரும். தாய்மாமன் இல்லாத ஆல்பம் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தை வெள்ளையடிக்கச் சொல்லும் வீட்டாரிடமும் அவரே பேசி, பெண்ணின் நிறத்தைப் பெண்ணின் நிறமாகவே விட்டுவைக்கிறார். எனக்கு அந்த வாய் கிடையாது.

பந்தியில் “கேமராக்காரங்களுக்கு நாலு இலை ஒதுக்கி வை” என்று சொல்லும் சமையல் மாஸ்டர்களையும், லென்ஸில் பிடித்த பூஞ்சையைக் கழற்றித் துடைத்து முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கையில் கொடுக்கும் மெக்கானிக்கையும் மறந்துவிடாதீர்கள்.

2020-ல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது எனக்கு இருந்த ஆர்டர்கள் வரிசையாகத் தள்ளிப்போயின. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. “உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, கல்யாணம் எங்க போயிடப் போகுது” என்று சொன்ன வீடுகள் உண்டு. அந்த வீடுகள்தான் என் ஸ்டுடியோ வாடகையைக் கட்டின. அவர்களை மேடைக்குக் கூப்பிட முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்காரி கதை தனி. ஊரெல்லாம் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் வைக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மொய்க் கவரோடு அவள்தான் தனியாகப் போகிறாள். “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்றால், “வேற கல்யாணத்துல இருக்காரு” என்று சிரித்துச் சமாளிக்கிறாள். அவளுக்கு நன்றி சொன்னால் ‘என்ன விஷயம்?’ என்று சந்தேகமாகப் பார்ப்பாள், அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

பொன்னாடையோடு இன்னொன்றும் தீர்மானமாகப் போடுங்கள். ஆல்பம் கொடுத்து, பார்ட்டி, அதாவது கல்யாண வீட்டார், பாக்கியைத் தீர்த்த பிறகுதான் லைட் பையனுக்குச் சம்பளம் என்கிற வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பார்ட்டியிடம் நின்று கேட்க வேண்டியது நாம், காத்திருக்கிறவன் அவன். இது சரியில்லை. வேலை முடிந்த அன்றைக்கே கையில் கொடுப்பது என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது.

விழா நேரத்தையும் பார்த்து வையுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம் என்பதால் சாஸ்திரிகளுக்கும் மேளக்காரர்களுக்கும் காலையில் முகூர்த்தம் இருக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள், சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவன்