வியாழக்கிழமை இரவுகளுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கும், வியாழக்கிழமை வகுப்பில் இருக்கும் பதினொரு பேருக்கும், நடுவில் விடைபெற்றுப் போனவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லிப் பார்த்தேன். “இதுக்கெல்லாம் எதுக்கு அக்கா நன்றி” என்று ஆளாளுக்குப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் நடக்கும் இந்தப் புனைவெழுத்து வகுப்பில் நான் சேர்ந்தபோது கதை எழுதக் கற்க வேண்டும் என்று பதிவுப் படிவத்தில் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் பேச்சு நின்று போயிருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போயிற்று. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் இப்படி ஆவதுண்டு, நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில்தான் வாய்க்கு வராது என்று மருத்துவர் விளக்கினார். பேசிப் பேசிப் பழகிய சில சொற்கள் மட்டும் சிலருக்குத் தங்கிவிடுமாம். அப்பாவுக்குத் தங்கியவை நான்கு. சரி, இல்லை, வா, அப்புறம். அதற்கு முன் வாய் ஓயாமல் பேசிய மனிதர் அவர். இப்போது நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார், கண்ணால் சிரிப்பார். ஆனால் நான் சொன்னதை மறுத்து, அல்லது “அது எப்படி?” என்று மடக்கி ஒருவர் என்னிடம் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. போனில் விசாரிப்பவர்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்பார்கள். அப்படியேதான் இருக்கிறார் என்பேன். அதோடு சரி.

முன்பு என்னோடு வேலை பார்த்த தோழிதான் வகுப்பு அறிவிப்பை அனுப்பினாள். “வீட்டை விட்டு வர முடியாது என்று சொல்லாதே, இதற்கு நீ எங்கேயும் வர வேண்டாம்” என்று கீழே ஒரு வரி. அவள் எழுதுகிறவள் இல்லை, வகுப்பிலும் சேரவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். முதல் நன்றி அவளுக்கு.

முதல் மூன்று வாரம் நான் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில், நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தை எல்லோர் முன்பும் தூக்கிக் காட்டி, “இது டைரி, கதை இல்லை” என்றார் ஒருவர். சொன்னவர் அடுத்த கதைக்குப் போய்விட்டார். நான் பதினொரு வருடம் எழுதவில்லை. எனவே இந்தக் கறுப்புச் சதுரத்துக்குப் பின்னால்தான் எனக்குப் பத்திரமாக இருந்தது. மேடம், நீங்கள் ஒருமுறைகூட என்னைக் கேமரா போடச் சொல்லவில்லை. நான்காம் வாரம் நானே போட்டபோது “வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் வாசிக்கத் தொடங்கிய புதிதில், இது சரியாக வரவில்லை, அவசரத்தில் எழுதினேன், முடிவு இன்னும் பிடிபடவில்லை என்று மன்னிப்பிலேயே ஐந்து நிமிடம் போகும். ஒருநாள் குறுக்கே வந்தீர்கள். “காப்பியம் பாடிய புலவர்களும் அவையடக்கம் சொன்னார்கள். ஆனால் சொல்லி முடித்துவிட்டுக் கதைக்குள் போய்விட்டார்கள். நீங்கள் வாசலிலேயே நிற்கிறீர்கள். உள்ளே வாங்க.” அன்று முதல் நான் முன்னுரை சொல்வதில்லை.

ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிட எழுத்தோடு தொடங்கும். கையை எடுக்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1970களில் பரவலாக்கிய பயிற்சி என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பயிற்சியின் பயன் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். எனக்குப் பிடித்தது வேறு. பன்னிரண்டு சதுரங்களிலும் தலைகள் குனிந்திருக்கும். ஒருவரின் விசைப்பலகைச் சத்தம், ஒருவர் வீட்டு மின்விசிறி, எங்கோ ஒரு குழந்தையின் இருமல். யாரும் பேசமாட்டார்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் மௌனமாக இருந்திருக்கிறேன், இது அந்த மௌனம் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிற மௌனம். எனக்கு இரவு ஒன்பது மணி. நம்மில் ஒருவருக்கு அப்போது பிற்பகல், இன்னொருவருக்கு விடியற்காலை இரண்டரை. அலாரம் வைத்து எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்து உட்கார்ந்து எழுதுகிற அந்தத் தம்பியைப் பார்த்தால் எனக்குச் சோம்பல் வராது.

தொடக்கத்தில் நமக்குக் காணொளிச் செயலியின் இலவசக் கணக்குதான். 40 நிமிடம் ஆனதும் அறை தானாக மூடிக்கொள்ளும். யாராவது முக்கியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் திரை அணையும். அதே இணைப்பைத் தட்டி எல்லோரும் மறுபடி உள்ளே வர நான்கைந்து நிமிடம் ஆகிவிடும். அந்த இடைவெளியில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழும். “விட்ட இடம்: அந்த அம்மா கடிதத்தைப் படிக்காமலேயே...” பேச்சு எந்தச் சொல்லில் அறுந்ததோ, அந்தச் சொல் வரைக்கும். வாராவாரம் இதைச் செய்தவர் நம்மிலேயே குறைவாகப் பேசுகிறவர். அவரை யாரும் செய்யச் சொன்னதில்லை. ஒருவர் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது சாதாரணக் காரியமா? பிறகு கட்டணக் கணக்குக்கு மாறினோம், அறை அறுபடுவதில்லை. இருந்தாலும் அந்த “விட்ட இடம்” செய்திகளை நான் அழிக்கவில்லை.

இப்போது ‘மெல்ல’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் முதல் கதையில் ஒரு பெண் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துவிட்டு, “கதவை மெல்லச் சாத்தினாள்” என்று ஒரு வரி. கூகுள் டாக்ஸில் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் ‘மெல்ல’ மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் கருத்து: “ஏன் மெல்ல? அந்த வீட்டில் யார் தூங்குகிறார்கள்?” போர்வைத் தம்பிதான் எழுதியிருந்தார். கதையில் அந்தப் பெண்ணைத் தவிர யாரும் கிடையாது. தனியாக வாழ்கிறவள் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். அப்படியானால் யாருக்காக அவள் மெல்லச் சாத்துகிறாள்?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் வீட்டில் நடமாடினேன். அடுக்களைக் கதவை மெல்லச் சாத்தினேன். குழாயை மெல்லத் திறந்தேன். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைத்தேன். அப்பா கண் அயர்ந்தால் அரைமணி நேரம்தான், சத்தம் கேட்டால் விழித்துவிடுவார் என்று எனக்கே தெரியாமல் கைகள் பழகியிருக்கின்றன. அந்தப் பழக்கம் என் கதாபாத்திரத்தின் கைக்கும் போய்விட்டது. நான் எழுதாமல் மறைத்த ஆளை ஒரே ஒரு வினையடையில் கண்டுபிடித்துவிட்டார் அவர். கதையைத் திரும்ப எழுதினேன். இம்முறை உள்ளறையில் ஒரு கட்டில் இருந்தது.

தம்பி, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டு மறந்தே போயிருப்பீர்கள். என்னிடம் ஒருவர் உண்மையாகவே கேள்வி கேட்டு எத்தனை நாளாகியிருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதினால் அது நன்றியாகாது. என்னால் ஒருவர் காயப்பட்டார். அப்போது நாம் பழைய பட்டறை முறையில் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936ல் தொடங்கியது, அதையொட்டி உலகமெங்கும் பரவிய வழக்கம் இது என்று மேடம் சொல்லியிருந்தார். மற்றவர்கள் கதையைப் பற்றி விவாதிப்பார்கள், எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ஒரு தோழி வாசித்த கதையில் வரும் தங்கை பாத்திரம் நம்பும்படி இல்லை, இப்படி யாரும் நடந்துகொள்ள மாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்கு வந்த காயம் எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை பாருங்கள். அது அவருடைய சொந்தத் தங்கையின் கதை. விதிப்படி அவர் ஒன்றும் சொல்ல முடியாது. அவருடைய சதுரம் கறுப்பானது. அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் மேடம் முறையை மாற்றினார். லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990ல் உருவாக்கிய நான்கு படி முறை. முதலில், கதையைக் கேட்டவர்கள் தங்கள் மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். அடுத்து, எழுதியவர் கேள்வி கேட்பார். மூன்றாவது, கேட்டவர்கள் தங்கள் கருத்தை ஒளித்து வைக்காத நேரான கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில்தான் கருத்து, அதுவும் “இந்த இடத்தைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, கேட்கிறீர்களா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு. எழுதியவர் வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு மிகக் கடினமாக இருந்தது மூன்றாம் படிதான். “ஏன் இவ்வளவு நீளமாக எழுதினீர்கள்?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. “இந்தப் பகுதியில் வாசகர் எதைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்கப் பழக எனக்குச் சில மாதங்கள் ஆயின.

திரும்பி வந்த அந்தத் தோழிக்கு என் நன்றியும் மன்னிப்பும் சேர்ந்தே போகட்டும். தனியாக எழுதிக் கேட்ட மன்னிப்புக்கு அவர் அனுப்பிய பதில் இதுதான்: “அடுத்த கதையை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.” இப்போது நாங்கள் இருவரும் செவ்வாய்க்கிழமைகளிலும் பேசுகிறோம், கதை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வகுப்பு முடிந்து, மேடம் பதிவை நிறுத்திய பிறகு வரும் அரைமணி நேரத்தைப் பற்றியும் எழுத ஆசை. ஆனால் அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஒருவர் வேலை போனதை முதலில் நம்மிடம்தான் சொன்னார், வீட்டில் சொல்வதற்கும் முன்னால். அவர் அனுமதியோடு இந்த அளவு மட்டும்.

மிச்சம் இருப்பது அப்பா.

உள்ளறையும் கட்டிலும் வந்த அந்தக் கதையை வாசித்த இரவு உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து அவருடைய அறையிலேயே மேசையில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு பக்கம்தான் முடிந்திருந்தது, மீதி எழுதவில்லை. “இதுவரைதான் வந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். யாரும் உடனே பேசவில்லை. வாசித்து முடித்ததும் ஐந்து மூச்சு விடும் நேரம் பொறுப்பது நம் வழக்கம். அந்த ஐந்து மூச்சுக்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்புறம்?”

நான் திரும்பவில்லை. அந்தச் சொல்லை அவர் தினமும்தான் சொல்கிறார், தண்ணீர் வேண்டுமென்றாலும், விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும். இந்த முறை அது கேள்வியாக இருந்தது. என் மைக் திறந்திருந்ததால் உங்கள் பன்னிரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அப்பாவா?” நான் தலையாட்டினேன். மேடம் சொன்னார், “அவருக்குத் தெரிய வேண்டுமாம். எங்களுக்கும்தான். எழுதிக்கொண்டு வாங்க.”

அன்றிலிருந்து யார் வாசித்து முடித்தாலும், மனதில் நின்றதைச் சொல்வதற்கு முன், யாராவது ஒருவர் “அப்புறம்?” என்று கேட்கிறீர்கள். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்களாகவே செய்கிறீர்கள். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து வந்த தொண்டையோடு அந்தத் தம்பி அதைக் கேட்கும்போது அப்பா கட்டிலிலிருந்து திரையைப் பார்க்கிறார்.

அந்தக் கதை இப்போது பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. வரும் வியாழன் என் முறை. அப்பாவின் கட்டிலை மேசைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா