அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கையை ஒட்டி உங்கள் இதழில் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒன்று விடாமல் படித்தேன். எந்தப் படிப்புக்கு வேலைவாய்ப்பு இருக்கிறது, எந்தப் பாடத்துக்குக் கட்-ஆஃப் எவ்வளவு, கல்விக் கடனுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பயனுள்ள செய்திகள் நிறைய இருந்தன. சேர்ந்த பிறகு ஒரு மாணவி அந்தக் கல்லூரியை விட்டு விலக நேர்ந்தால் அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. கல்லூரி அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரி தெரியாததால் குடும்பங்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சேர்க்கை நாட்களில் எங்கள் அலுவலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், டி.சி. என்று அனைத்தின் அசலையும் வாங்குவோம். பழுப்பு உறையில் போட்டு, மேலே சேர்க்கை எண்ணை எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கிப் பூட்டுவோம். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று பெற்றோரிடம் சொல்வோம். அவர்களும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு பாஸ்போர்ட்டுக்கோ, உதவித்தொகைக்கோ, அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கோ அசல் தேவைப்படும்போது அந்தப் பிள்ளை தன் சொந்தச் சான்றிதழுக்காகக் கடிதம் எழுதி, துறைத்தலைவரிடம் ஒரு கையெழுத்து, முதல்வரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு நாளில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து வாங்கிப் போக வேண்டும். இப்படித்தான் காலங்காலமாக நடக்கிறது என்று நானும் அதைச் செய்திருக்கிறேன். அது தவறு என்று பணியின் கடைசி ஆண்டுகளில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒருவரின் மகள் தனியார் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தாள். சில வாரங்களில் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கான கலந்தாய்வில் அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட படிப்பு அதுதான். குறிப்பிட்ட நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். தனியார் கல்லூரியில் கேட்டபோது, 'உங்கள் மகள் போனால் மூன்று ஆண்டும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். சேரும்போது அப்படி ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அவளுடைய அப்பா தினக்கூலிக்குத் தச்சு வேலை செய்பவர். மனைவியின் நகையை அடகு வைக்கப் புறப்பட்டவர், வழியில் என்னைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருக்கிறது. கட்டணத்தைத் திருப்பித் தருவதும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருப்பதும்தான் அதன் பொருள். சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்துவிட்டு உடனே கையில் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டியவை மாணவரே கையொப்பமிட்ட நகல்கள் மட்டும். சந்தேகம் இருந்தால் சான்றிதழ் வழங்கிய தேர்வுத் துறையிடமோ பல்கலைக்கழகத்திடமோ கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் பல ஆண்டுகளின் கட்டணத்தை வாங்கவும் கூடாது. அந்தந்தப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரியதை மட்டும்தான் வாங்கலாம். மீறும் நிறுவனத்துக்கு மானியத்தை நிறுத்துவது முதல் இணைப்பை ரத்துசெய்யப் பரிந்துரைப்பது வரை நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது.

அன்றிரவே அவருக்காக ஒரு கடிதம் எழுதினேன். அறிவிப்பின் நகலை அதனுடன் இணைத்தோம். முதல்வருக்கு ஒரு பிரதி, கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஒரு பிரதி. கல்லூரிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நம் கையிலிருக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இந்த முத்திரையை யாரும் விட்டுவிடக் கூடாது. வாயால் சொன்னதற்கு அலுவலகத்தில் பதிவு கிடையாது. தேதியிட்ட கடிதத்துக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் மாலை அந்தப் பெண்ணின் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. கையெழுத்து வாங்கிய உறுதிமொழிப் படிவத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

கட்டிய பணம் அவ்வளவு எளிதாக வரவில்லை. அதற்கும் அதே அறிவிப்பில் தெளிவான கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாட்கள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பி வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 விழுக்காட்டுக்கு மிகாமல், அதிலும் 5,000 ரூபாயைத் தாண்டாமல் மட்டும் கழித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாள் கடந்து 15 நாட்களுக்குள் என்றால் 80 விழுக்காடு, அதன்பின் 30 நாள் வரை பாதி. 30 நாளைத் தாண்டினால் எதுவும் கிடைக்காது. காஷன் டெபாசிட் எனப்படும் காப்புத் தொகை இந்தக் கணக்கில் சேராது. அதை முழுவதுமாகத் தந்துவிட வேண்டும். எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமாகவும் அறிவிப்பது உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் கழித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தனியாக விதி வகுத்திருக்கிறது. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் அதுவும் இதே நிலைதான்.

பணத்துக்காக அந்தப் பெண்ணே கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதினாள். இப்படி ஒரு குழு இருப்பது பல பேராசிரியர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை என்பது என் அனுபவம். 2023 ஏப்ரலில் வந்த மானியக் குழுவின் ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். மாணவர் பிரதிநிதி ஒருவரையும் சிறப்பு அழைப்பாளராக அழைக்க வேண்டும். உறுப்பினர்களில் ஒருவரோ தலைவரோ பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைத்தல், கட்டணத்தைத் தர மறுத்தல், அறிவித்ததற்கு மேல் பணம் கேட்டல், சாதியைச் சொல்லிப் பாகுபாடு காட்டுதல், தேர்வு முடிவைத் தாமதப்படுத்துதல் எல்லாமே இந்தக் குழுவிடம் சொல்லக்கூடிய குறைகள். அந்தப் பெண்ணுக்கு 80 விழுக்காட்டுத் தொகை குழுவின் முதல் கூட்டத்துக்கு முன்பே வங்கிக் கணக்கில் வந்துவிட்டது.

வேறு இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். விடைத்தாள் திருத்தியதில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கத் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ராகிங் நடந்தால் இரவு பகல் எந்நேரமும் 1800-180-5522 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடைசெய்ய 1997இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகள் அந்த எண்ணை முதல் நாளே செல்போனில் பதிந்துகொள்வது நல்லது.

விதிகள் மாணவர் பக்கம் மட்டும் இருப்பவை அல்ல. வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போன பிள்ளைகள் கண்ணீரோடு என் மேசைக்கு முன் நின்றிருக்கிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு கேட்கின்றன. உடல்நலக் குறைவுக்குத் தளர்வு கொடுக்கிறார்கள் என்றாலும், மருத்துவச் சான்றிதழை விடுப்பு முடிந்து வந்தவுடன் கொடுத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. பருவத்தேர்வுக்கு முதல் வாரம் கொண்டுவந்து நீட்டியவர்களுக்கு நாங்கள் நினைத்தாலும் உதவ முடியவில்லை. இந்த விதி எல்லாருக்கும் தெரிகிறது. சேர்ந்த அன்றே மாணவர்களை உட்காரவைத்து மூன்று முறை சொல்லிவிடுகிறார்கள். தாமதமாக வந்தால் அபராதம், அடையாள அட்டை இல்லாவிட்டால் அபராதம் என்பவற்றையும் கைப்பேட்டின் முதல் பக்கங்களிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். கல்லூரிக்கு மாணவர் செய்ய வேண்டியது பத்துப் பக்கம் வருகிறது. மாணவருக்குக் கல்லூரி செய்ய வேண்டியது ஒரு பக்கமாவது வர வேண்டாமா? குறைதீர் குழுவின் விவரத்தையும் குறைதீர்ப்பாளரின் விவரத்தையும் இணையதளத்திலும் தகவல் ஏட்டிலும் எல்லார் கண்ணிலும் படும்படி வெளியிட வேண்டும் என்று 2023 ஒழுங்குமுறையே சொல்கிறது. கேட்டுப் பாருங்கள், எத்தனை கல்லூரிகளின் கைப்பேட்டில் இருக்கிறது என்று.

இன்னொரு தடை மொழி. நான் எடுத்துக் கொடுத்த அறிவிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தச்சர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் எந்த வரியைக் காட்டிக் கேட்க வேண்டும் அம்மா?' என்றார். உரிய வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் அப்படிக் கோடு போட்டுக் கொடுக்க ஆள் இருக்காது. கல்லூரிக் கல்வி இயக்ககம் இந்த விதிகளைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி, எல்லாக் கல்லூரிகளின் கைப்பேட்டிலும் கட்டாயம் அச்சிட வைக்கலாம். சேர்க்கைக் கட்டணம் கட்டும் சாளரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியும் வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அது நடக்கும்வரை உங்கள் இதழ் ஓர் உதவி செய்ய வேண்டும். கட்டணம் திரும்பப் பெறும் கணக்கையும், சான்றிதழ் கேட்டு முதல்வருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரியையும், குறைதீர் குழுவுக்கான மனுவின் மாதிரியையும் தமிழில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்து உங்கள் பக்கத்தில் பாதிகூட வராது. அடுத்த சேர்க்கைக் காலத்தில், கலந்தாய்வின் இரண்டாம் சுற்று தொடங்கும் வாரத்தில் வெளியிட்டால் மிகவும் பயன்படும். பிள்ளைகள் கல்லூரி மாறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்