கார் என்ஜினில் சத்தம்: முதலில் காரணத்தைக் கண்டறியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் என்ஜினில் ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூர்மையாக ஏறும் ‘ஙொய்’ என்ற சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே ஆல்டர்னேட்டரை (காருக்கு மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மாற்றச் சொல்லும் போக்கு சில பட்டறைகளில் இருக்கிறது. எங்கள் காருக்கும் அப்படித்தான் சொன்னார்கள்; வேறொரு மெக்கானிக் சோதித்தபோது, தேய்ந்திருந்தது ஐட்லர் புல்லியின் (என்ஜின் பெல்ட்டைத் தாங்கி வழிநடத்தும் உருளை) பேரிங் மட்டுமே.

என்ஜின் குளிர்ந்திருந்தபோது அவர் ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஸ்டார்ட் செய்தார். (பல கார்களில் என்ஜினைக் குளிர்விக்க உதவும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் சுழல்வதால், நீண்ட நேரம் ஓடவிடக் கூடாது.) சத்தம் நின்றுபோனதால், கோளாறு பெல்ட்டிலோ அது சுழற்றும் பாகங்களிலோதான் என்பது தெளிவாயிற்று. என்ஜினை அணைத்தபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தார். மற்றவை சீராகச் சுழல, ஐட்லர் மட்டும் மணல் கலந்ததுபோல் நறநறத்தது. ஆல்டர்னேட்டரின் விலையில் சிறு பகுதிகூட ஆகாத அந்த உருளையை மாற்றியதும் சத்தம் அறவே போயிற்று.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் சத்தம் கூடினால், ஹைட்ராலிக் வகை (எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் ஸ்டீயரிங் திரும்பும்) வண்டிகளில் முதலில் ஸ்டீயரிங் ஆயில் அளவைத்தான் பார்க்க வேண்டும். முகப்பு விளக்கைப் போட்டதும் கூடினால், மின்சுமை ஏறுவதால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிப்பது நியாயம்.

எந்தச் சோதனையின் அடிப்படையில் ஒரு பாகம் மாற்றப்படுகிறது என்பதைப் பட்டறைகள் பில்லில் எழுதித் தந்து, கழற்றிய பழைய பாகத்தையும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்