துணையில்லாமல் இறங்காதே

மண்டபம்,
தை 3

ஆத்தா,

வாட்ஸ்அப்பில் கேட்டால் ப்ளூ டிக் விழுகிறது, பதில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். ராத்திரி அறைக்குத் திரும்பிய பிறகு நிதானமாகப் படி.

ஆஸ்திரேலியாவிலிருந்து நீ அனுப்பிய பவளப் பார் படங்கள் பார்த்தேன். மூன்றாவது படத்தில் நீ மிதக்கிற நிலை ரொம்பச் சுத்தம். வயிறு பாருக்கு இரண்டு முழம் மேலே, முழங்கால் மடங்கி, ஃபின் பின்னால் மேல்நோக்கி. ஃபின் ஒரு தட்டுத் தட்டினால் மான்கொம்புப் பவளம் முறிந்து விழும், மறுபடி வளர வருஷக்கணக்கில் ஆகும். நீ எதையும் தொடவில்லை. அம்மாவிடமும் காட்டினேன். படம் எடுத்தவர் உனக்குச் சமமான ஆழத்தில், மணல் கிளப்பாமல் நின்று எடுத்திருக்கிறார். அவரும் பழகின ஆள் என்று தெரிகிறது. நீ எழுதுவதில் எல்லாம் 'நாங்க போனோம், நாங்க பார்த்தோம்' என்று இருக்கிறது. டூர் கூட்டத்தைச் சொல்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. முங்கும்போது துணை யார் என்பதைப் படகில் ஏறிய பிறகு முடிவு செய்யாதே. கடைசி நேரத்தில் தனியாக நிற்கிற எவரோடாவது சேர்த்து இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் நீந்துகிறவர் எல்லாம் துணை ஆகிவிட மாட்டார். உன் சிலிண்டரில் காற்று நின்றால் இரண்டாவது ரெகுலேட்டரை உன் கையில் கொடுக்கிற தூரத்தில் இருப்பவர்தான் துணை. இறங்குமுன் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா? எடைக்குக் கட்டிய ஈயத்தைக் கழற்ற ஒரு கை எட்டுகிறதா? கொக்கி எல்லாம் விழுந்திருக்கிறதா? கடைசியாகக் காற்று. கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழு. முள் அசையாமல் நின்றால் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது முள் சரிந்து, நிறுத்தியதும் ஏறினால் அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறார்கள். இப்படிச் சோதிக்காவிட்டால் மேலே இருக்கும்வரை அது தெரியாது, ஆழத்தில் போய்த்தான் மூச்சு முட்டும்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கினால், கேஜ் 50 பார் காட்டும்போது நீ படகில் ஏறியிருக்க வேண்டும். இருவரில் யார் அதிகம் காற்றுக் குடிக்கிறாரோ அவர் கணக்குக்குத்தான் இருவரும் திரும்புவது. ஐந்தாவது படத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஃபின் தெரிகிறது, பெரிய சைஸ். வளர்ந்த ஆளுக்குச் சீக்கிரம் தீரும். அவர் கேஜையும் நீ பார்த்துக்கொள், உன் கேஜை அவர் பார்க்கட்டும். ஏறும்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாதே, 5 மீட்டரில் 3 நிமிஷம் நில், மூச்சை மட்டும் அடக்காதே. கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர்கள் அடக்குவார்களே என்று கேட்பாய். அவர்கள் மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு வருகிறவர்கள். நீ ஆழத்தில் அழுத்தமான காற்றை இழுக்கிறாய், ஏறும்போது அது விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

முங்கின மறுநாள் அதர்ட்டன் பக்கம் காட்டுக்குப் போவதாக எழுதியிருந்தாய். கெய்ர்ன்ஸுக்குப் பின்னால் இருக்கிற அந்த மேட்டுநிலம் சுமார் 750 மீட்டர் உயரம். முங்கிய பிறகு விமானம் ஏறுவதற்குச் சொல்கிற காத்திருப்பு மலை ஏறும் காருக்கும் பொருந்தும் என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். பல முறை முங்கியிருந்தால் 18 மணி நேரம் கழியட்டும். மூட்டில் வலி, தோலில் அரிப்பு, கை கால் மரத்துப் போவது, இதெல்லாம் அலுப்பு என்று படுத்துவிடாதே. உடனே ஆஸ்பத்திரி, ஆக்சிஜன்.

இன்னொன்று, படகு கிளம்புமுன் தலை எண்ணுவார்கள். உன் பெயருக்கு நீயே பதில் சொல், உனக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது, அவருக்காக நீயும் சொல்லாதே. 1998-ல் அந்தக் கடலில் ஒரு தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் குறைவது தெரிந்தது. எண்ணிக்கையில் இத்தனை கண்டிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். தம்பதி என்றில்லை, சிநேகிதர்களாகப் போனாலும் அதே விதிதான்.

சரி, சொறி விஷயம், அதாவது ஜெல்லி மீன். இதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. நம்ம வடகடல் சொறி பட்டால் தடிப்பு, எரிச்சல், மறுநாள் ஆறிவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே காலை நனைக்காதே. அங்கே நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி கரையோரம் வரும். மணி மாதிரி உடம்பு, கண்ணாடி நிறம், நாலு மூலையிலிருந்தும் மூன்று மீட்டர் வரை நீளும் நூல். தண்ணீரில் பார்த்தால் தெரியவே தெரியாது. நிறைய நூல் சுற்றினால் சில நிமிஷத்தில் நெஞ்சு நின்றுவிடும். கடற்கரையில் வலை கட்டியிருக்கிற இடத்துக்குள் மட்டும் குளி. அந்த வலையும் பெரியதைத்தான் தடுக்கும். இருகாஞ்சி என்று விரல்நகம் அளவு ஒன்று இருக்கிறது, அது வலைக்குள் புகுந்துவிடும், வெளிப் பாரிலும் உண்டு. பட்டபோது கொசுக்கடி மாதிரி இருக்கும். அரை மணி கழித்து இடுப்பைப் பிடிக்கும், வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும். வடக்கிலிருந்து காற்று லேசாக வருகிற நாட்களில் கூடுதலாகப் பார்க்கிறார்கள். ஆகவே கழுத்து முதல் கணுக்கால் வரை லைக்ரா சட்டை, கைக்கு உறை, தலைக்கு மூடி. அசிங்கமாகத் தெரிகிறது என்று படத்துக்காகக் கழற்றாதே.

பட்டுவிட்டால் வினிகர். கரையில் கம்பம் நட்டு அதில் பாட்டில் வைத்திருப்பார்கள். குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்று, பிறகு நூலை எடு. நல்ல தண்ணீர் ஊற்றினால் வெடிக்காத முள்ளெல்லாம் வெடித்து இன்னும் விஷம் ஏறும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். அங்கே அவசர எண் 000-க்கு ஃபோன். மூச்சு நின்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. தெற்கே பண்டபர்க் போனபிறகு கணக்கு மாறும். அங்கே நீல நிறத்தில் குமிழி வைத்து ஒன்று கரை ஒதுங்கும், அதற்கு வினிகர் வேண்டாம், பொறுக்கிற சூட்டில் வெந்நீர். பட்டவரே தனக்கு வினிகர் ஊற்றிக்கொள்ள முடியாது, நெஞ்சையும் அமுக்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தனியாக இறங்காதே. கூட வருகிறவருக்கு நெஞ்சு அமுக்கத் தெரியுமா என்று கேட்டாயா?

ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்து நட. திருக்கை விலகிவிடும், இது உனக்கு நம்ம ஊரிலேயே தெரியும். கல்மீன் விலகாது, அதற்குத் தடித்த அடி உள்ள செருப்பு. குச்சிச் சங்கு மாதிரி அழகாகக் கிடக்கிற கூம்புச் சங்கை எடுக்காதே, அதன் வாயிலிருந்து விஷ ஈட்டி வரும். பாறைக் குட்டைகளில் குட்டிக் கணவாய் போல ஒன்று இருந்து, மேலே நீல வளையம் பளிச்சென்று தெரிந்தால் கையை எடுத்துவிடு. கடித்தது வலிக்கவே வலிக்காது, மூச்சுத்தான் நிற்கும்.

டெயின்ட்ரீ ஆற்றில் முதலை பார்க்கப் படகில் போவது நல்லதுதான், பார். ஆனால் கரையில் நின்று பார்க்காதே. தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டருக்கு இந்தப் பக்கமே நில். முதலை ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட அடியில் கிடக்கும், தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குத் தினமும் போய் நிற்காதே, அது கவனித்து வைக்கும். அந்த ஆற்றைக் கேபிள் ஃபெரியில் தாண்டினால் ஃபோன் சிக்னல் அநேகமாகக் கிடைக்காது. போகுமுன் எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று தங்கும் இடத்தில் எழுதிக் கொடு. இப்போது அங்கே மழைக்காலம், ஓடை திடீரென்று ஏறும், ஏறின ஓடையில் காரை இறக்கச் சொல்கிற ஆளோடு போகாதே.

காசோவரி என்கிற பெரிய பறவை எதிரே வந்தால் ஓடாதே. முகத்தை அதன் பக்கமே வைத்து மெல்லப் பின்னால் நகர், முதுகுப்பையைக் கழற்றி நடுவில் பிடி. காலில் உள்விரல் நகம் ஒரு சாண் வரை இல்லாவிட்டாலும் அரைச் சாணுக்கு மேல். கோடு போட்ட குஞ்சுகள் கூட இருந்தால் இன்னும் கவனம், குஞ்சு வளர்க்கிறது ஆண்தான். அங்கே தகப்பனுக்குத்தான் அந்த வேலை. பாதையோரத்தில் இருதய வடிவத்தில், ஓரம் ரம்பம் போல வெட்டி, மெத்தென்று ரோமம் தெரிகிற பெரிய இலைச் செடியைத் தொடாதே. அந்த ரோமம் கண்ணாடித் தூள் மாதிரி தோலில் தங்கி மாசக்கணக்கில் வலிக்கும். தேய்க்காமல், முடி எடுக்கிற மெழுகுப் பட்டையை ஒட்டி உரி. கடையில் கிடைக்கும், ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் வை.

மொன் ரெப்போவுக்குப் பதிவு செய்துவிட்டாய் என்று கேட்டுச் சந்தோஷம். இந்த மாசத்தில் போனால் பெருந்தலை ஆமை முட்டையிடுவதும் கிடைக்கலாம், முன்னால் இட்டது பொரித்து வருவதும் கிடைக்கலாம். இங்கே தனுஷ்கோடி, முகுந்தராயர் சத்திரம் பக்கம் பங்குனி ஆமை முட்டையைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிற சீசனும் இதுதான். அங்கே குழுகுழுவாகத்தான் கூப்பிடுவார்கள், நடுராத்திரி தாண்டியும் காத்திருக்க நேரும், போர்வை கொண்டு போ. ஆமை கரை ஏறும்போதும் குழி தோண்டும்போதும் ஒரு வெளிச்சம் பட்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் விடுவார்கள். அப்போதும் தலைப் பக்கம் போகாதே, பின்னால் நில். ஃபோனை அணைத்துவிடு, திரை வெளிச்சமே போதும் குஞ்சு திசை தப்ப. குழியின் சூட்டை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்பது. சூடு கூடினால் பெண். இப்போது உலகத்தில் மணல் சுட்டுக்கொண்டே போவதால் பெண்ணாகவே பொரிக்கிறது என்று கவலைப்படுகிறார்கள். பெண் பிறந்தால் கவலைப்படுவது ஆமைக்கும் வந்துவிட்டது. கோபிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன்.

பிரிஸ்பேன் போனால் மோர்ட்டன் விரிகுடாவில் ஆவுளியா, அதாவது கடல்பசு, பார்த்துவிட்டு வா. நம்ம பாக் நீரிணையில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகம் என்று அறிவித்த பிறகும் ஒன்றைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அங்கே கூட்டமாகவே மேயும். ஓங்கலுக்கு (டால்பினுக்கு) முதுகில் தூவி, அதாவது துடுப்பு, இருக்கும், இதற்குக் கிடையாது. மூக்கு நுனி மட்டும் மேலே வந்து, 'புஸ்' என்று மூச்சு விட்டு, மூழ்கும்போது வால் தெரியும். மறுபடி இரண்டு மூன்று நிமிஷம் பொறு. படகை அது போகிற வழியில் நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்தச் சொல். தண்ணீர் வற்றும் நேரத்தில் கடற்புல் மேட்டில் நீளமாகப் புல் இல்லாத கோடு கோடாக இருக்கும், அது மேய்ந்த தடம். அதைப் படம் எடுத்து அனுப்பு. நீ மட்டும் நின்று எடுத்தாலும் சரி, இருவருமாக நின்று எடுத்தாலும் சரி. அளவு தெரிய ஒரு ஃபின்னைப் பக்கத்தில் வை.

இத்தனையும் உனக்குத் தெரியாதது இல்லை. இந்த வீட்டில் உன்னளவுக்குக் கடலைப் படித்தவர் யாரும் இல்லை, அதை நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பொங்கலுக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது ஐந்து நிமிஷம் வீடியோ காலில் வந்துவிட்டு, கேமராவை வாசல் பக்கம் திருப்பி, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். கெய்ர்ன்ஸ் ஊர் நடுவில் சிக்னல் இல்லையா? அத்தை அதையே பிடித்துக்கொண்டு விட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் விஷயத்தில் நான் போட்ட சத்தத்தை வைத்து நீ பேசாமல் இருக்கிறாயோ என்று அம்மா கேட்கிறாள். அது வேறு, இது வேறு.

அவசரத்துக்கு எழுதுகிற படிவத்தில் என் நம்பரைக் கொடுத்திருப்பாய். மண்டபத்தில் இருக்கிற நான் குயின்ஸ்லாந்துக்கு என்ன செய்ய முடியும்? அங்கே உன் கூடவே இருக்கிற ஒருவர் பெயரும் நம்பரும் அதில் முதலில் இருக்க வேண்டும். அதே பெயரையும் நம்பரையும் எனக்கும் அனுப்பு. அவசரம் என்றால் மட்டும்தான் கூப்பிடுவேன். இரத்த வகையும் எழுது, இருவருடையதும்.

வரும்போது பவளத் துண்டு, சங்கு, கிளிஞ்சல் எதுவும் எடுக்காதே. கரையில் செத்துக் கிடந்தது என்றாலும் பவளத்துக்கு அங்கேயும் அனுமதி வேண்டும், இங்கே இறங்கினால் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. அம்மா மாசிக் கருவாடு யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள், நான் தடுத்துவிட்டேன். கொண்டு வருகிறவர் சொல்லாமல் கொண்டு வந்தால் அங்கே அபராதமே போடுவார்கள். நீ வந்து இங்கே சாப்பிடு.

டிக்கெட் மதுரைக்கா சென்னைக்கா என்று சொல். மதுரை என்றால் வண்டி அனுப்புகிறேன். சின்ன வண்டி போதுமா, பெரிய வண்டி சொல்லி வைக்கவா என்று ஒரு வரி மட்டும் போடு.

அப்பா