வெளிநாட்டில் டேட்டா மலிவு. ஊர் எண்ணைக் காப்பதே பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 நவம்பரில் தாய்லாந்தும் அடுத்த மாதமே மலேசியாவும் இந்தியர்கள் விசா இல்லாமல் நுழைய வழிவிட்ட பிறகு, தோளில் ஒரு பையுடன் மாதக்கணக்கில் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றி வரும் தமிழ்நாட்டுக்காரர்களை அங்குள்ள விடுதிகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. அவர்களுக்கென எழுதப்படும் பயணக் குறிப்புகள் விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் விரிவாகப் பேசிவிட்டு, கைப்பேசி டேட்டாவை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. கல்லூரி நூலகத்தில் பணியாற்றும் நான், கடந்த ஆண்டு ஊதியமில்லா விடுப்பில் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா ஆகிய நாடுகளில் பெரும்பாலும் தரைவழியாகவே நான்கு மாதம் பயணம் செய்தேன். அந்தப் பட்டறிவிலிருந்து எழும் ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியே முன்வைக்க விரும்புகிறேன்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சென்ற விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர், பல ஆண்டுகளாக மலேசியாவில் வேலை பார்க்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். நான் எத்தனை மாதம் சுற்றப் போகிறேன் என்று கேட்டறிந்தவர், "அக்கா, ஊர் நம்பரைத் தூக்கிப் போட்டுறாதீங்க. பேங்க் மெசேஜுக்கு மட்டும் அது உள்ள கிடக்கட்டும். நெட்டுக்கு அந்தந்த ஊர் சிம்மை வாங்கிக்கோங்க" என்றார். ஊர் சிம்மையே வெளிநாட்டிலும் பயன்படுத்த உதவும் ரோமிங் பொதி (பேக்) ஒன்றைப் பத்து நாளுக்கு நான் அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது தீர்ந்ததும், புதிய இடத்தில் தொடர்பு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் இன்னொரு பத்து நாள் பொதியும் வாங்கினேன். அந்த இருபது நாளுக்குக் கொடுத்த தொகையைவிடக் குறைவான செலவில், எஞ்சிய மூன்று மாதத்துக்கும் மேலான காலத்தை ஐந்து நாடுகளின் உள்ளூர் சிம்களைக் கொண்டே கழித்தேன். எந்த நிபுணரும் சொல்லாத ஆலோசனையை, குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் கவலையில் இதையெல்லாம் நுணுகிக் கற்றுக்கொண்ட ஒரு தொழிலாளி முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார் என்பதை நன்றியுடன் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த விலை வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. நம் சிம் வேறொரு நாட்டின் கோபுரத்தைத் தொட்டதும், அந்நாட்டு நிறுவனம் நம் நிறுவனத்திடம் மொத்த விலையில் ஒரு கட்டணம் வசூலிக்கிறது. அதன் மேல் தன் பங்கைச் சேர்த்து நம் நிறுவனம் நமக்கு விற்கிறது. இந்த இரு விலைகளுக்கும் வரம்பு கட்ட ஓர் அரசோ ஒழுங்குமுறை அமைப்போ முன்வந்தால் நிலைமை எவ்வளவு மாறும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியமே சான்று. 2017 ஜூன் 15 முதல் அதன் உறுப்பு நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றிலும் ரோமிங்குக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. லிஸ்பனில் வாங்கிய சிம்மை வார்சாவில் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். நிறுவனங்கள் தமக்குள் வசூலிக்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு உண்டு. 2022 ஜூலையில் ஒரு ஜிபிக்கு 2 யூரோவாக இருந்த அது, ஆண்டுதோறும் குறைந்து 2027இல் 1 யூரோவாகும் வகையில் விதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கும் நெடும் பயணிக்கு முழு விடுதலை இல்லை. நான்கு மாதக் கணக்கில் ஒருவர் சொந்த நாட்டைவிட வெளியில்தான் அதிகம் இருக்கிறார் என்று தெரிந்தால், முன்னறிவிப்புக்குப் பிறகு நிறுவனம் சிறு கூடுதல் கட்டணம் கேட்கலாம். ரோமிங் என்பது சில நாள் போய்வருபவருக்கான ஏற்பாடு என்பதே உலகெங்கும் உள்ள கணக்கு. நம் நாட்டில் விற்கப்படும் பொதிகளும் பெரும்பாலும் ஒரு நாள், பத்து நாள், முப்பது நாள் என்றே அமைந்துள்ளன. ஓராண்டுக்கென வந்துள்ளவற்றிலும் டேட்டா அளவு மிகச் சிறியது.

ஆகவே டேட்டாவைப் பொறுத்தவரை உள்ளூர் சிம்மே நெடும் பயணிக்கு உகந்தது. பினாங்கின் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறு கடைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்து சிம்மை இயக்கிக் கொடுத்ததோடு, எந்தப் பொதியில் ஹாட்ஸ்பாட் வசதிக்கு வரம்பு உண்டு என்பதையும் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். ரீசார்ஜ் என்று நாம் சொல்வதை அங்கே டாப்-அப் என்கிறார்கள். தாய்லாந்தின் சியாங் கொங்கில் மீகாங் ஆற்றைக் கடந்து ஹுவாய் சாயில் லாவோஸ் சிம் வாங்கினேன். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்குச் செல்லும் மெதுபடகில் இரண்டு நாள் பயணம். மலைகளுக்கிடையே பல மணி நேரம் எந்த அலையும் கிடைக்காது. வரைபடத்தையும் அன்றிரவு தங்கும் விடுதியின் முகவரியையும் முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்ததால் எனக்குச் சிரமம் ஏற்படவில்லை; படகிலிருந்த வேறு சிலர் இருட்டிய பிறகு, படகு இரவில் நிற்கும் பாக்பெங் ஊரின் படித்துறையில் நின்றுகொண்டு வழி தேடினார்கள். படங்களைத் தானாக மேகச் சேமிப்புக்கு அனுப்பும் வசதியை வைஃபைக்கு மட்டும் என மாற்றி வைத்தாலே மாதச் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பதும் என் கணக்கில் தெரிந்தது. வீட்டாருடன் குரல் வழியே பேசுவதற்கு ஆகும் டேட்டா மிகச் சொற்பம். முகம் பார்த்துப் பேசுவதற்குத்தான் பல மடங்கு ஆகிறது.

பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும், இணையத்தில் வாங்கும் பயண இ-சிம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் புதிய நாட்டில் இறங்குபவருக்கு, கடை தேடாமல் கிடைக்கும் அந்த முதல் ஒரு ஜிபி பெரும் உதவி. தனியே பயணம் செய்யும் பெண்ணாக அதன் மதிப்பை நான் நன்கறிவேன். ஆயினும் பல வாரங்களுக்கு அதையே நம்பினால் ஒரு ஜிபிக்கு ஆகும் விலை உள்ளூர் சிம்மைவிடக் கணிசமாக உயர்ந்துவிடுகிறது. அவற்றில் பல, தொலைபேசி எண் தராமல் டேட்டா மட்டுமே தருகின்றன. விடுதிக்காரருக்கோ பேருந்து நிறுவனத்துக்கோ அழைக்க ஓர் எண் வேண்டுமென்றால் அவை உதவா. வரம்பற்றது என விற்கப்படுபவை பலவற்றில் குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகம் குறைக்கப்படுகிறது. மேலும் 2024 ஜனவரியில் ஐரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு செயலிகளும் உரிய அனுமதியின்றி விற்பனை செய்ததாக அரசு கூறியதைத் தொடர்ந்து இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்பதற்கு அரசின் மறுப்பின்மைச் சான்று (என்ஓசி) வேண்டும் என்ற விதியின் நோக்கம் மோசடியைத் தடுப்பது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. எந்தெந்த நிறுவனங்களுக்கு அந்த அனுமதி உண்டு என்பதைப் பயணிக்குப் புரியும் மொழியில் அறிவிப்பதும் அந்த விதியின் பகுதியாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டேட்டா எந்த நாட்டிலும் மலிவாகக் கிடைத்துவிடுகிறது. நெடும் பயணியைத் திணற வைப்பது ஊர் எண்ணை உயிருடன் வைத்திருப்பதுதான். வங்கி ஓடிபி, விமானச் சீட்டு மாற்றம், வாட்ஸ்அப் எல்லாம் அந்தப் பத்து இலக்கங்களில் கட்டுண்டிருக்கின்றன. என்னோடு லாவோஸ் வரை வந்த தோழி ஒருவரின் ரீசார்ஜ் திட்டம் பயணத்தின் மூன்றாம் மாதத்தில் முடிந்தது. 90 நாள் பயன்படுத்தாவிட்டால்தான் எண்ணைத் துண்டிப்பார்கள் என்று அவர் நம்பியிருந்தார். அந்த விதி உண்மையே. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதற்குப் பிறகும் எண் காப்பாற்றப்படும். ஆனால் எண் துண்டிக்கப்படாமல் இருப்பதும் அதற்குக் குறுஞ்செய்தி வருவதும் வெவ்வேறு. லாவோஸின் தலைநகர் வியஞ்சானில் அவருடைய வங்கி அட்டை முடங்கிய அன்று, அதை மீட்கத் தேவையான ஓடிபி வந்து சேரவில்லை. தூத்துக்குடியிலிருந்த அவருடைய தம்பி ரீசார்ஜ் செய்து, மறுநாள் மாலை செய்தி வரும் வரை என்னிடமிருந்த பணத்தில்தான் இருவரும் சாப்பிட்டோம். அவருடைய நிறுவனம் ரோமிங் பொதி இல்லாமல் வெளிநாட்டில் குறுஞ்செய்தியைக்கூடத் தராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேறு நிறுவனத்தைச் சேர்ந்த என் எண்ணுக்கோ பொதி இல்லாமலேயே வந்துகொண்டிருந்தது. இந்த வேறுபாட்டை வாங்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கான மருந்தில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் வெளியிட்ட திருத்தத்தின்படி, டேட்டா இல்லாமல் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட ரீசார்ஜ் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும்; இத்தகைய சிறப்பு ரீசார்ஜ் திட்டங்களின் கால உச்சவரம்பும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்பட்டது. முதியோருக்காகவும் இரண்டு சிம் வைத்திருப்போருக்காகவும் கொண்டுவரப்பட்டதாகப் பேசப்பட்ட இந்த ஏற்பாடு, ஆறு மாதம் வெளியே இருப்பவருக்கே மிகப் பொருத்தமானது. புறப்படும் முன் ஒருமுறை செய்துவிட்டால் போதும். மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்குக் குறுஞ்செய்தி ஓடிபி தவிர வேறு வழிகளையும் வங்கிகள் பயன்படுத்த இடமளிக்கும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டவை. வங்கிகள் அதை மனப்பூர்வமாகச் செயல்படுத்தினால் சுமை இன்னும் குறையும். அதே வேளையில், செய்திப் பரிமாற்றச் செயலிகள் பதிவு செய்த சிம் கைப்பேசிக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் பிறப்பித்த உத்தரவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே சிம் பொருந்தும் பழைய கைப்பேசியோடு போகிறவர் உள்ளூர் சிம்மைப் போட ஊர் சிம்மைக் கழற்றியே ஆக வேண்டும். மோசடியைத் தடுக்கும் முயற்சியில் அவருடைய வீட்டுத் தொடர்பு அறுந்துவிடாதபடி ஒரு வழி வகுக்கப்பட வேண்டும்.

ஊர் எண்ணை இ-சிம்மாக மாற்றிவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்து அதற்கு எதிரானது. வெளிநாட்டில் கைப்பேசி பழுதானால், பிளாஸ்டிக் சிம்மை எடுத்து வேறொன்றில் போட்டுக்கொள்ளலாம். இ-சிம்மை மாற்ற மீண்டும் ஓடிபியும் சரிபார்ப்பும் வேண்டும். சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தி வைக்கப்படும் விதியும் நம் நாட்டில் உண்டு. ஊர் எண் பிளாஸ்டிக்கிலும் உள்ளூர் எண் மற்றொரு துளையிலோ இ-சிம்மிலோ இருப்பதே பாதுகாப்பு.

இன்னொரு ஆபத்து எல்லை ஓரங்களில் இருக்கிறது. தனுஷ்கோடி முனையில் நிற்கும்போது இலங்கைக் கோபுரத்தின் அலை பட்டு வரவேற்புக் குறுஞ்செய்தி வருவதை நம்மில் பலர் கண்டிருப்போம். மீகாங் கரையிலும் அப்படித்தான். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைக்காமல் விட்டிருந்தால், எக்கரையின் அலை என்று தெரியாமலேயே கணக்கு ஏறிவிடும். ஐரோப்பாவில் 2010 முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்காதவரை, டேட்டா ரோமிங்குக்கான கட்டணம் வரி நீங்கலாக 50 யூரோவை எட்டியதும் அது தானாக நின்றுவிடும். அதற்கு முன்பே 80 விழுக்காட்டில் எச்சரிக்கைச் செய்தியும் வந்துவிடும். நம் பயணிகளுக்கும் இத்தகைய தடுப்பு, கேட்டுப் பெறும் வசதியாக இல்லாமல் எல்லா எண்ணிலும் இயல்பாகவே இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்குவோர் கைப்பேசிப் பதிவு விதியையும் கேட்டறிவது நல்லது. வெளிநாட்டில் வாங்கிய கைப்பேசி உள்ளூர் சிம்மோடு இந்தோனேசியாவில் 90 நாளும் துருக்கியில் 120 நாளும்தான் இயங்கும். அதற்கு மேலும் பயன்படுத்த வேண்டுமானால் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும்.

ஆகவே டிராய் அமைப்பையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் நான் கேட்பது இவை: வெளிநாட்டில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பெறுவதற்குத் தனிப் பொதி கேட்கக் கூடாது, டேட்டா இல்லாத ஓராண்டு ரீசார்ஜைச் செயலியின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் ரோமிங் பொதிகளின் பக்கத்திலேயே காட்ட வேண்டும், செலவு வரம்பு தானாக இயங்க வேண்டும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நாள்தோறும் தமிழர்கள் புறப்படும் திருச்சி விமான நிலையத்தில், ஊர் எண்ணை எப்படி வைத்துக்கொள்வது, டேட்டாவை எங்கே வாங்குவது என்பதை விளக்கும் தமிழ் அறிவிப்பு ஒன்றைக் குடியேற்றப் பரிசோதனை வரிசைக்கு முன்பாக வைக்க விமான நிலைய நிர்வாகம் முன்வர வேண்டும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், பலருக்கு ஊர் எண்ணில் ரீசார்ஜ் செய்வதற்குக்கூட வேறொருவரின் உதவி தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மதுரை