ரிப்போர்ட்டில் இரண்டு வைரஸ்: நீலகிரி சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் வணக்கம்.

மழை பிடித்ததும் மலையில் பிள்ளைகளுக்குச் சளியும் இழைப்பும் தொடங்கிவிடும். மூக்குச் சளியை, பல வைரஸ்களை ஒரே சோதனையில் தேடும் பிசிஆர் பேனலில் போட்டால் ஒரே குழந்தைக்கு ஆர்எஸ்வி, ரைனோ, அடினோ என்று சளி வைரஸ்கள் வரிசையாகப் பாசிட்டிவ் வருகின்றன. பெற்றோருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நமக்கோ ஆன்டிபயாடிக் எழுதக் கை பரபரக்கிறது; வைரஸ் எத்தனை இருந்தாலும் அது அவற்றைத் தொடாது.

பிசிஆர் காட்டுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. இன்றைய நோயா, போன சளியின் மிச்சமா என்று அது பிரித்துச் சொல்லாது. ரைனோ வாரக்கணக்கில் மூக்கில் தங்கும். 2005இல் கண்டறியப்பட்ட போக்காவைரஸ் மாதக்கணக்கில்கூட. தும்மல்கூட இல்லாத பிள்ளையிடமும் இவை அகப்படும். இரண்டு வைரஸ் என்றால் நோய் இரட்டிப்பு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆர்எஸ்வியையும் இன்ஃப்ளூயன்சாவையும் அப்படி மிச்சம் என்று தள்ளிவிட முடியாது.

ரிப்போர்ட் தாளைப் பார்க்கும் முன் குழந்தையின் நெஞ்சைப் பாருங்கள். ஸ்வெட்டரைத் தூக்கிவிட்டு, அழாத நேரத்தில், முழு 60 விநாடி மூச்சை எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு விட்டு விட்டு ஓடும் என்பதால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஏமாற்றும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 தொட்டால் வேக மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ உடனே மேல் சிகிச்சை.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இங்கே தனிக்கதை. சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் நல்ல பிள்ளைக்கே சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வேண்டும். பெரியவர்களின் கிளிப்பைச் சில்லிட்ட பிஞ்சு விரலில் மாட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது. பாதத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, கிளிப்புக்குப் பதில் சுற்றி ஒட்டும் குழந்தை ப்ரோபை (அளவெடுக்கும் உணரியை) பொருத்தி, துடிப்பு அலை சீரானபின் எழுதுங்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு மட்டும் ஆக்சிஜனை வைத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம்.

ஆர்எஸ்வி பிள்ளையையும் இன்ஃப்ளூயன்சா பிள்ளையையும் ‘சளிக் கேஸ்’ என்று ஒரே கட்டிலில் போட்டால் கூட்டுத் தொற்றை நாமே உண்டாக்குகிறோம். நெபுலைசர் மாஸ்க்கும் ஆளுக்கொன்று வேண்டும். அடினோவும் ரைனோவும் சானிடைசருக்கு எளிதில் மசியாதவை. வார்டில் சோப்பும் தண்ணீரும் வையுங்கள், ஊட்டிக் குளிரில் வெந்நீராக இருந்தால்தான் கழுவுவார்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான்: முடிவு சிகிச்சையை மாற்றும் குழந்தைக்கு மட்டும் பேனல் செய்யுங்கள். இன்ஃப்ளூயன்சா சந்தேகம் அப்படிப்பட்டது. அதற்கான மருந்தான ஓசெல்டாமிவிர் நோய் தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில்தான் நன்கு பயன்படும். மிச்சப் பணத்தில் நிலையத்துக்கு இரண்டு குழந்தை ப்ரோப் வாங்குங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு அனுப்பும் குழந்தை வழியெல்லாம் மேலே ஏறுகிறது, ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கும். கிளம்பும் முன்பே ஆக்சிஜனைத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 240 லிட்டர். மலைப்பாதையில் லாரி மறித்து நிற்கும் நேரத்தையும் சேர்த்து, அதைப் போல் இருமடங்கு சிலிண்டரில் இருக்கிறதா என்று பார்த்து வண்டியை எடுங்கள்.

இப்படிக்கு,
மலையில் குழந்தை நலப் பணியில் இருப்போர்